கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சுக்கு வருவது ஏன்? அருப்புக்கோட்டை, திருச்சுழி ஊர்களிலிருந்து ஒரு விளக்கம்

டிசம்பர் 24 ராத்திரி. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னையிலிருந்து வரும் பஸ்கள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. அங்கிருந்து டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, மச்சானோட பைக் என்று எதையாவது பிடித்து ஊருக்குப் போனால், கோயில் வாசலில் சீரியல் லைட்டும் காகித நட்சத்திரமும் தொங்கும். உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. இங்கே கோயில் என்றால் சர்ச்தான். தென் மாவட்டக் கிறிஸ்தவர்கள் பலர் வீட்டுப் பேச்சில் சர்ச்சைக் கோயில் என்றே சொல்வார்கள்.

அதே கோயிலுக்கு பிப்ரவரியிலோ ஜூலையிலோ ஒரு சாதாரண ஞாயிறு போய்ப் பாருங்க. முன்னால் சில பாட்டிகள், ஓரமாக ரெண்டு மூணு தாத்தாக்கள், ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த சின்னப் பிள்ளைகள். அவ்வளவுதான்.

"பண்டிகைக்கு மட்டும் எட்டிப் பார்க்கிற ஆளு" என்று இவர்களுக்குப் பிரசங்கத்தில் குட்டு விழுவது வழக்கம். ஆனால் காரணம் வெறும் சோம்பேறித்தனமா? பக்தி குறைந்துவிட்டதா? இந்த வானம் பார்த்த பூமியில் கொஞ்சம் விசாரித்தால் வேலை, தூரம், வரலாறு, சாதிச் சான்றிதழ் என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஞாயிறு போவது கட்டாயமா?

கத்தோலிக்கர்களுக்குக் கட்டாயம். 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247-வது விதி, ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் பூசையில் பங்குபெற வேண்டும் என்கிறது. அடுத்த விதி கொஞ்சம் இளக்கம் தருகிறது. முந்தின நாள் மாலைப் பூசைக்குப் போனாலும் அது கணக்கில் சேரும். நோயாளிகளுக்கும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் விலக்கு உண்டு.

சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்தச் சபைகளில் இப்படி ஒரு சட்ட விதி கிடையாது. ஆனால் சபை கூடிவருவதை விட்டுவிடக் கூடாது என்று எபிரெயர் நிருபம் 10-ஆம் அதிகாரம் சொல்வதை ஐயர்கள் அடிக்கடி நினைவுபடுத்துவார்கள். (ஐயர் என்றால் சி.எஸ்.ஐ. போதகர். ஊர்ப் பேச்சில் அப்படித்தான்.)

இந்தப் பிரச்சினை புதுசு இல்லை என்பதற்கு மூன்று பழைய சாட்சிகள்:

• கி.பி. 321: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தார். ஆனால் விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். விதைப்புக்கு ஏற்ற நாள் தவறினால் மறுபடி கிடைக்காது என்பது காரணம்.

• கி.பி. 1215: நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஒவ்வொரு கிறிஸ்தவரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, ஈஸ்டர் காலத்தில், நற்கருணை வாங்க வேண்டும் என்று விதித்தது.

• கி.பி. 1662: இங்கிலாந்து திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம், வருஷத்துக்குக் குறைந்தது மூணு தடவை, அதில் ஈஸ்டர் ஒன்று, என்று சொன்னது.

"ஒரு தடவையாவது", "மூணு தடவையாவது" என்று விதி போட வேண்டிய நிலை அன்றைக்கே இருந்திருக்கிறது.

சாமியார் வரும் நாளே திருநாள்

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1606-ல் ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய மதுரை மிஷனில் இயேசு சபைக் குருக்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் பார்க்க வேண்டிய பரப்போ மதுரை, திருச்சி, தஞ்சாவூர், மறவர் சீமை என்று மிகப் பெரியது. பல கிராமங்கள் சாமியாரைப் பார்ப்பதே எப்போதாவது ஒருமுறை. மற்ற நாள்களில் உபதேசியார் ஜெபம் சொல்லிக்கொடுப்பார். பெரிய திருநாள் வந்தால் சுற்றுப்பட்ட ஊர் ஜனங்கள் குரு இருக்கும் இடத்துக்கு நடந்து போய்க் கூடுவார்கள். பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் அந்த ஓரிரு நாளில் முடியும்.

1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அவர்கள் மதுரைப் பக்கம் திரும்பி வந்தது 1838-ல். இடைப்பட்ட அறுபத்தைந்து வருஷத்தில் குருக்கள் இன்னும் குறைவு. விசுவாசத்தைத் தாங்கிப் பிடித்ததில் உபதேசியார்களுக்கும் ஊர்த் திருவிழாக்களுக்கும் பெரிய பங்கு இருந்தது.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கோவில்பட்டி பக்கம், வீரமாமுனிவர் பணி செய்த காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்குக் கரிசல் கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போவார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் தலை வெட்டப்பட்ட ஓரியூருக்கும் அப்படித்தான். ஞாயிறு பூசைக்கு வராதவர் இந்தத் திருவிழாவை விடமாட்டார்.

சீர்திருத்தச் சபைகளின் கதையும் கிட்டத்தட்ட இதே போலத்தான். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்கன் மதுரை மிஷனுக்கு, திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலை பழைய நிலையங்களில் ஒன்று. ஒரு மிஷனரி, அவருக்குக் கீழே சில உபதேசியார்கள், சுற்றிலும் சிதறிய சின்னச் சின்னச் சபைகள். இந்தச் சபைகள் 1947 செப்டம்பர் 27-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.-யில் சேர்ந்தன. இன்றைக்கும் ஒரு ஐயர் பல கிராமங்களைப் பார்க்கும் சேகர முறைதான். ஐயர் நேரில் வந்து திருவிருந்து கொடுக்கும் ஞாயிறுக்கும், அவர் வராத ஞாயிறுக்கும் கூட்டத்தில் வித்தியாசம் தெரியும்.

அந்த ஞாயிறு அவங்க கையில இருக்கா?

விருதுநகர் மாவட்டத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. மானாவாரியில் ஈரம் காயறதுக்குள்ள விதைக்கணும். அன்றைக்கு ஞாயிறா திங்களா என்று நிலம் பார்க்காது. கான்ஸ்டன்டைன் கொடுத்த விலக்கு இங்கே அப்படியே பொருந்தும். பருத்தி, பயறு, மல்லி, மிளகாய் என்று போட்டதெல்லாம் தை, மாசிக்கு மேல் வீடு வந்து சேரும். அந்த மாசங்களில் ஞாயிறு காலை ஆட்கள் காட்டில்தான் இருப்பார்கள்.

விவசாயம் கை கொடுக்காத வீடுகளுக்கு நூற்பு மில், தீப்பெட்டி, பட்டாசு, சீமைக் கருவேலக் கரிமூட்டம் என்று பிழைப்பு. மில்லில் ஷிப்ட் மாறி மாறி வரும். சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வீட்டுக்கு வருகிறவரிடம் ஒன்பது மணி ஆராதனைக்கு வாங்க என்றால் என்ன சொல்வார்?

வாரம் ஆறு நாள் பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிறுதான் துணி துவைக்க, அரிசி புடைக்க, பிள்ளைக்குத் தலை பார்க்க, கறி எடுத்துக் குழம்பு வைக்க. ஓய்வு நாள் என்று பேர், வேலை என்னவோ வீட்டு வேலை. கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி அன்று வேலைத்தலமே விடுமுறை விட்டால், அன்று போக முடிகிறது.

ஊரில் பெயர், வெளியூரில் ஆள்

2018-ல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டில் இடம்பெற்றவை விருதுநகர், ராமநாதபுரம் ரெண்டும்தான். இந்தப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வெளியூர் போவது ரொம்ப காலமாக நடக்கிற விஷயம்.

அதனால் ஊர்ச் சபைப் புத்தகத்தில் பெயர் இருக்கும். ஆள் திருப்பூரில் இருப்பார். அங்கே பனியன் கம்பெனிக்குப் பக்கத்துச் சர்ச்சுக்கு அவர் வாரா வாரம் போகிறவராகவும் இருக்கலாம். ஆனால் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அவர் "வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவர்". தி.நகர் ஜவுளிக் கடையில் நிற்பவருக்கு ஞாயிறுதான் வியாபாரம் அதிகம், லீவு கேட்க முடியாது. வளைகுடாவில் பல நாடுகளில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் முக்கிய ஆராதனையும் வெள்ளியில் நடக்கும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில்தான் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது.

இவர்கள் லீவு போட்டு ஊருக்கு வருவது கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 நடுச்சாமப் புத்தாண்டு ஆராதனை, அறுப்பின் பண்டிகை போன்ற நாள்களுக்கு. புத்தாண்டு இரவுக் கூட்டம் 18-ஆம் நூற்றாண்டு மொரேவிய, மெதடிஸ்ட் சபைகளின் விழிப்பு ஆராதனை வழியில் வந்தது. வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனத்தைக் கையில் வாங்காமல் புது வருஷம் தொடங்கக் கூடாது என்று நினைக்கும் வீடுகள் நிறைய. அறுப்பின் பண்டிகையில் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். ஒரு தேங்காயோ சேவலோ கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். வெளியூரில் சம்பாதிக்கிறவர் "நானும் இந்த ஊர்க்காரன்தான்" என்று காட்டும் இடம் அந்த ஏலம்.

குலதெய்வத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி இல்லை?

மகா சிவராத்திரி அன்று இந்த மாவட்டத்துக் குலதெய்வக் கோயில்களைப் பார்த்திருக்கீங்களா? முந்தின நாள் வரை கருவேல முள்ளுக்கு நடுவே அமைதியாகக் கிடந்த கோயில் முன்னால் வேனும் காரும் வரிசை கட்டி நிற்கும். சென்னையில், பெங்களூருவில் இருக்கும் பங்காளிகள் எல்லாம் பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் பூசாரி மட்டும் இருப்பார். சாத்தூர் பக்கம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி கடைசி வெள்ளி மட்டும் தவறாமல் போகும் குடும்பங்களும் உண்டு.

இவர்களை யாரும் "வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர்றீங்க" என்று குறை சொல்வதில்லை. காரணம், அந்த வழிபாட்டில் வாரந்தோறும் கூட வேண்டும் என்ற விதி இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வருவதுதான் அங்கே முறை. முஸ்லிம்களில் ஆண்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ கடமை. அங்கேயும் ரம்ஜான், பக்ரீத் தொழுகைக்கு மட்டும் வருகிறவர்களைப் பற்றி இதே புலம்பல் கேட்கலாம். வாராந்திரக் கடமை இருக்கும் மதத்தில்தான் பண்டிகைக்கு மட்டும் வருபவர் தனியாகத் தெரிகிறார்.

ஒரே தெருவில், ஒரே சொந்தபந்தத்தில் ரெண்டு வழிபாடும் இருக்கும் ஊர்கள் இவை. பண்டிகைக்கு ஊர் திரும்புவதுதான் பக்தி என்ற பழக்கத்தைக் கிறிஸ்தவ வீடுகளும் பகிர்ந்துகொள்வதில் ஆச்சரியமில்லை.

ஞாயிறு ஒரு சபை, கிறிஸ்துமஸ் ஒரு சபை

இன்னொரு வகை ஆட்கள் உண்டு. வாரந்தோறும் ஆராதனைக்குப் போகிறார்கள், ஆனால் வேறு இடத்துக்கு. பக்கத்துத் தெரு ஜெபக்கூடத்தில், பெந்தெகோஸ்தே சபையில் ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம் எல்லாம் தவறாமல் நடக்கும். தாத்தா காலத்து சி.எஸ்.ஐ. கோயிலிலோ கத்தோலிக்கக் கோயிலிலோ பெயரை மட்டும் விட்டு வைத்திருப்பார்கள். கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் அந்தப் பெயர் வேண்டும்.

கொரோனாவும் ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. 2020 மார்ச்சில் மூடிய வழிபாட்டுத் தலங்கள் தமிழ்நாடு முழுக்கத் திறந்தது செப்டம்பர் 1-ல். 2021-லும் கொஞ்ச காலம் வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாட்டுக்குத் தடை இருந்து அக்டோபரில்தான் நீங்கியது. அந்த நாள்களில் போனில் ஆராதனை பார்க்கப் பழகியவர்களில் சிலர் அப்படியே இருந்துவிட்டார்கள்.

சாதிச் சான்றிதழ் பயம்

இதை யாரும் மைக்கில் சொல்வதில்லை. ஆனால் ஞாயிறு கோயிலுக்குப் போவதைத் தவிர்க்கும் சில குடும்பங்களுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

1950-ஆம் வருஷத்து அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினராக இருக்க முடியும். சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கல்லூரி சீட், அரசு வேலை, உதவித்தொகை என்று எல்லாவற்றிலும் வித்தியாசம் வரும். தெருவில் காட்டப்படும் சாதி வித்தியாசம் மட்டும் மதம் மாறினாலும் மாறுவதில்லை.

அப்படியானால் சர்ச்சுக்குப் போனாலே சான்றிதழ் போய்விடுமா? ரெண்டு வழக்குகளைப் பார்க்கலாம்.

• பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்த ஒரு பெண் மருத்துவரின் பட்டியல் சாதிச் சான்றிதழ் 2013-ல் ரத்து செய்யப்பட்டது. அவர் கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதும் அதிகாரிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவைத் தள்ளுபடி செய்தது. கணவர், பிள்ளைகளோடு ஒருவர் சர்ச்சுக்குப் போவதால் மட்டும் அவர் சொந்த மதத்தைக் கைவிட்டதாக ஆகாது என்றது.

• 2024 நவம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி பெண் ஒருவரின் வழக்கில் வேறு முடிவு சொன்னது. அவர் ஞானஸ்நானம் பெற்றவர், தொடர்ந்து சர்ச்சுக்குப் போகிறவர் என்பதை எடுத்துக்காட்டி, இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது.

ரெண்டு வழக்கிலும் உண்மைகள் வேறு வேறு. ஆனால் ரெண்டிலும் சர்ச்சுக்குப் போவது விவாதத்துக்கு வந்தது. இந்தச் செய்தி ஊருக்குள் போய்ச் சேரும்போது, "எதுக்கு வம்பு, கிறிஸ்துமஸுக்கு மட்டும் போயிட்டு வருவோம்" என்று ஒரு தாய் நினைப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து தரலாமா என்று ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையம் அமைத்தது.

மனசு விட்டுப் போனவர்களும் உண்டு

எல்லோருக்கும் வெளிக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சபைத் தேர்தலில் வந்த சண்டை, கோயிலுக்குள்ளேயே பார்த்த சாதி, சந்தா பாக்கியைக் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம், குடி, கடன், உடைந்த கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் பார்க்கும் பார்வை. இவற்றால் ஒதுங்கியவர்கள் உண்டு. நம்பிக்கையே போய்விட்டவர்களும் உண்டு. அவர்கள் வருவது அம்மாவுக்காக, பிள்ளைகளின் புதுத் துணிக்காக, சின்ன வயசில் பாடிய பாட்டுக்காக.

இவர்களுக்குப் பண்டிகைக் கூட்டம் வசதியானது. கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகலாம். எட்டுப் பேர் இருக்கும் ஞாயிறில் ஒன்பதாவது ஆளாக நுழைந்தால் எல்லாத் தலையும் திரும்பும்.

உலகத்திலும் இதே கதைதான்

இங்கிலாந்து திருச்சபையின் 2019 கணக்குப்படி வாரச் சராசரி வருகை சுமார் 8.5 லட்சம் பேர். கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் சுமார் 23 லட்சம். அங்கே இதை ஆராய்ந்த சமூகவியலாளர் கிரேஸ் டேவி, மக்கள் கடவுளை நம்புகிறார்கள், ஆனால் சபையில் சேராமல் இருக்கிறார்கள் என்று 1990-களில் விளக்கினார்.

நம்ம ஊர் நிலைமை இதிலிருந்து மாறுபடுகிறது. இங்கே பெரும்பாலானவர்கள் சபையை விட்டு விலகவில்லை. பெயர், கல்லறை இடம், ஏலப் பணம் எல்லாம் ஊர்ச் சபையில்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், சுமார் 44 லட்சம் பேர். சின்னக் கூட்டமாக இருக்கும் இடத்தில் சபை என்பது சொந்தபந்தமும்தான். அதை அவ்வளவு எளிதில் யாரும் அறுத்துக்கொள்வதில்லை.

அப்போ யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் மீதி ஞாயிறுகளுக்குத்தான். வருஷத்தில் 52 ஞாயிறு. ஓய்வுநாள் பள்ளிக்கு ஒரு டீச்சர் வேண்டும். பாட ஆள் வேண்டும். கல்யாண ஓலை மூணு ஞாயிறு வாசிக்க வேண்டும், அதைக் கேட்கச் சபை இருக்க வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடக்க ஆராதனையில் பாட்டெடுக்க ஆள் வேண்டும். வெளியூர் மகன் வந்து சேர்வதற்குள் அந்த வீட்டில் உட்கார்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் யார் என்று பாருங்க. அந்த நாலைந்து பாட்டிகளாகத்தான் இருப்பார்கள்.

அவர்களுக்கு வயசாகிறது. அவர்களுக்குப் பிறகு ஞாயிறு காலை மணி அடிக்க யார் என்பதுதான் பல சின்னச் சபைகளின் இன்றைய கேள்வி. மணி நின்றுவிட்டால் கிறிஸ்துமஸுக்கு வந்து நிற்க ஒரு கோயில் திறந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

பண்டிகைக்கு மட்டும் வர முடிகிறவரா நீங்க?

• வெளியூரில் நிரந்தரமாகத் தங்கிவிட்டால், ஊர் ஐயரிடமோ ஃபாதரிடமோ கடிதம் வாங்கி அங்கே உள்ள சபையில் சேரலாம். பிள்ளைகளின் திடப்படுத்தல், கல்யாணத்துக்குப் பின்னால் அலைச்சல் குறையும்.

• ஞாயிறு வேலை என்றால், நீங்க கத்தோலிக்கராக இருந்தால், பக்கத்தில் சனிக்கிழமை மாலைப் பூசை இருக்கிறதா என்று கேளுங்க.

• சந்தா பாக்கிக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். பெரும்பாலான சபைகளில் பொருளாளரிடம் பேசித் தவணையாகக் கட்டலாம். சபைத் தேர்தலில் ஓட்டுப் போடச் சந்தா முக்கியம். ஆராதனையில் உட்கார யாரும் சந்தா ரசீது கேட்பதில்லை.

• இந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அன்று ராத்திரியே பஸ் ஏறாமல், அடுத்து வரும் ஞாயிறு வரை இருக்க முடியுமா என்று பாருங்க. இருந்தால், அந்தப் பாட்டிகளோடு உட்கார்ந்து ஒரு ஆராதனை முடித்துவிட்டுக் கிளம்பலாம்.